எஞ்சின் மாற்றிய வண்டியில் எரிபொருள் கோளாறு – கண்டறியும் முறை



கடை திறக்கும் நேரத்திற்குச் சரக்கு வந்து சேரவில்லை என்றால் அன்றைய வியாபாரத்தில் பாதி போயிற்று என்றுதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தராசு, கல்லாப்பெட்டி, கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் போலச் சரக்கு ஏற்றும் வண்டியும் வணிகனுக்கு ஒரு தொழிற்கருவி. தராசில் அரை கிராம் பிசகினாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி விஷயத்தில் மட்டும் ‘மெக்கானிக் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறோம். அதனால் ஏற்படும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. நமக்கு நேர்ந்த அனுபவத்தை முன்வைத்து, எஞ்சின் மாற்றிய வண்டிகளில் எரிபொருள் வழியில் வரும் கோளாறுகளைப் படிப்படியாகக் கண்டறிவது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எஞ்சின் மாற்றும் பழக்கம்

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரை அறியாத வணிகர் இருக்க முடியாது. பெரும்பாலான பழைய அம்பாசடர்கள் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு வந்தவை. டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், நல்ல நிலையில் இருந்த பெட்ரோல் கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் சாதாரணமாக நடந்தது. மெட்டடார் வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினுக்குத் தனி மவுசு இருந்தது. டாக்ஸிக்காரர்கள் தொடங்கி வைத்ததை மளிகைக் கடைக்காரர்களும், அரிசி மண்டிக்காரர்களும் பின்பற்றினார்கள்.

விலை வித்தியாசம் பின்னாளில் சுருங்கியது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீங்கின. ஆயினும் அன்று மாற்றிய வண்டிகளில் சில இன்னும் ஓடுகின்றன. பழைய கார்களை ஆசையாக வாங்கி, வேறு எஞ்சின் ஏற்றி, வேக வண்டியாக ஓட்டும் இளைஞர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

எஞ்சினை மாற்றுகிறவர்கள் கியர் பாக்ஸ் சேருகிறதா, ரேடியேட்டர் போதுமா என்று பார்ப்பார்கள். டேங்கிலிருந்து எஞ்சின் வரை வரும் எரிபொருள் வழியைப் பழையபடியே விட்டுவிடுவார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை

கார்பரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினுக்கு எரிபொருள் கொண்டுவருவது எளிய ஏற்பாடு. பின்னால் டேங்க், அங்கிருந்து முன்பக்கம் வரை ஒரே ஒரு மெல்லிய பைப், எஞ்சினோடு சேர்ந்த ஒரு சிறு பம்ப், அப்புறம் கார்பரேட்டர். அந்தப் பம்ப் கொடுக்கும் அழுத்தம் மிகவும் குறைவு. கார்பரேட்டரில் உள்ள மிதவை, போதுமான அளவு நிரம்பியதும் வழியை அடைத்துவிடும். அந்தப் பழைய வண்டிகளில் மிச்ச எரிபொருள் திரும்பிப் போவதற்கென்று தனிப் பைப் கிடையாது.

டீசல் எஞ்சின் அப்படியல்ல. டேங்கிலிருந்து பீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. பில்டரில் வடிகட்டி, இஞ்செக்‌ஷன் பம்புக்கு அனுப்புகிறது. மைக்கோ பம்ப் என்று நாம் சொல்லிப் பழகியது இதைத்தான். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயரே மைக்கோ. இந்தப் பம்ப் டீசலை நூறு மடங்கு காற்றழுத்தத்திற்கும் மேலாக அழுத்தி நாசில் வழியே எஞ்சினுக்குள் பனிபோல் பீய்ச்சுகிறது. எரிந்தது போக மிச்சமும், நாசில்களில் கசிவதும் ஓவர்ப்ளோ பைப் வழியாக டேங்குக்கே திரும்ப வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, டீசல் வழிக்குள் காற்று இருக்கவே கூடாது. டீசலை அழுத்தினால் உடனே அழுத்தம் ஏறும். காற்று இருந்தால் அது சுருங்கிக் கொடுக்குமே தவிர நாசில் திறக்காது. இரண்டாவது, திரும்பும் பைப் வெறும் மிச்சத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. தப்பித்தவறி உள்ளே நுழைந்த காற்றையும், சூட்டையும் அதுதான் டேங்குக்குக் கொண்டுபோய் வெளியேற்றுகிறது.

நமது கடை வண்டியின் கதை

1990-களில் நமது கடையில் ஒரு மார்க் 3 அம்பாசடர் இருந்தது. பின் சீட்டை எடுத்துவிட்டுச் சரக்கு ஏற்றுவோம். திருப்பனந்தாளிலிருந்து சோழபுரம் வழியாகக் கும்பகோணம் போய், மொத்தக் கடைகளில் மளிகையும், தாராசுரம் மார்க்கெட்டில் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, விடிந்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது வழக்கம். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அந்த வண்டிக்கு மெட்டடார் எஞ்சின் ஏற்றினோம். ஏற்றிக் கொடுத்தவர் நல்ல கைவேலைக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

முதல் சில மாதம் குறையில்லை. அதன் பிறகு, பாரத்தோடு திரும்பும்போது சோழபுரத்தை நெருங்கும் வேளையில் எஞ்சின் இடித்து இடித்து நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துக் கைப்பம்பை அடித்தால் கிளம்பும். ஊர் வந்து சேரும். மறுநாள் அதே கதை. கும்பகோணத்திலிருந்து நம் ஊர் இருபது கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பில்டர் மாற்றினோம். பலனில்லை. பீட் பம்ப் புதிதாகப் போட்டோம். இரண்டு நாள் நன்றாக ஓடி மூன்றாம் நாள் நின்றது. இஞ்செக்‌ஷன் பம்பைக் கழற்றிக் கேலிபரேஷனுக்கு அனுப்பினோம். நான்கு நாசிலும் புதிதாயின. ஒவ்வொரு தடவையும் பணம் போனதே தவிர வண்டி சோழபுரத்தில் நிற்பது நிற்கவில்லை. நம் கோயிலில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தை யானை பூட்டி இழுத்தும் நிமிர்த்த முடியாமல் போன வரலாற்றைச் சொல்லி, ‘உங்கள் வண்டிக்கும் ஒரு குங்கிலியக் கலயர் வரவேண்டும்’ என்று பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை செய்தார்.

கடைசியில் அந்த மெக்கானிக் ஒரு காரணம் சொன்னார். ‘எஞ்சினில் குற்றமில்லை. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது. யார் கலக்கிறார்கள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்’ என்றார். அந்த வார்த்தை நம் மனத்தில் விஷமாக இறங்கியது. டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டும் டிரைவர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்த காலம் அது. பதினோரு ஆண்டு நம்மிடம் வேலை பார்த்த டிரைவர் அண்ணனை அழைத்து, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. ‘சாவியை இங்க வச்சிட்டேன் முதலாளி’ என்று கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரம் வாடகை வண்டியில் சரக்கு வந்தது. மைதாவும் சர்க்கரையும் நெய்யும் நேரத்துக்கு வராமல் வாடிக்கையாளர் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். கடையில் உட்கார்ந்தபடி ஒன்றை யோசித்தோம். சரக்கு குறைந்தால் யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் நாம் என்ன செய்கிறோம்? குடோன் இருப்பு, கடை இருப்பு, பில் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எந்த இடத்தில் பிசகு என்று கண்டுபிடிக்கிறோம். வண்டிக்கு அதை ஏன் செய்யவில்லை?

சரிபார்த்த வரிசை

டீசல் எஞ்சின்களில் பழக்கமுள்ள உறவினர் ஒருவர், பம்ப்செட் பராமரிப்பவர், நமக்குத் துணை வந்தார். அவர் செய்த வரிசை இது. எந்த டீசல் வண்டிக்கும் இது உதவும்.

1. எரிபொருளைச் சோதித்தல். டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தோம். அடியில் தண்ணீரோ துருவோ தங்கவில்லை. பிறகு பெட்ரோல் பங்கில் கொடுத்து டென்சிட்டி பார்க்கச் சொன்னோம். அவர்கள் விற்கும் டீசலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மண்ணெண்ணெய் டீசலைவிட இலேசானது. கணிசமாகக் கலந்திருந்தால் டென்சிட்டி குறைந்து காட்டிக்கொடுத்திருக்கும். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு நல்ல மனிதரின் மனம் புண்பட்டிருக்காது.

2. டேங்க் மூடி. வண்டி நிற்கப்போகும் தறுவாயில் மூடியைத் திறந்து பார்த்தோம். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் உறிஞ்ச முடியாமல் எஞ்சின் நின்றுவிடும். அப்படியானால் மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும், எஞ்சினும் தெளியும். நமது வண்டியில் சத்தமும் இல்லை, மாற்றமும் இல்லை. ஆகவே அது காரணமல்ல.

3. கேன் சோதனை. இதுதான் முக்கியமானது. முதலில் வண்டியைக் கொல்லையில் நிறுத்தி, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டோம். அரை மணிக்குள் வழக்கம்போல் நின்றது. கோளாறை ரோட்டில் தேடாமல் வீட்டிலேயே வரவழைத்தாயிற்று. பிறகு டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பீட் பம்ப்பில் கழற்றிவிட்டு, சுத்தமான ஒரு டீசல் கேனை எஞ்சினுக்குச் சற்று உயரத்தில் வைத்து, அதிலிருந்து புதிய ஓஸ் மூலம் பம்புக்குக் கொடுத்தோம். ஓவர்ப்ளோ பைப்பையும் அதே கேனில் விட்டோம். எஞ்சின் ஒரு மணி நேரம் தடையின்றி ஓடியது. பீட் பம்ப், பில்டர், இஞ்செக்‌ஷன் பம்ப், நாசில் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன என்று இதிலிருந்து தெரிந்தது. நாம் பணம் செலவழித்த இடம் ஒன்று. பழுது இருந்த இடம் வேறொன்று.

4. கண்ணாடி டியூப். டேங்க் பைப்பைத் திரும்ப மாட்டி, இரண்டு இடங்களில் கையகல நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டியூபைச் செருகினோம். டேங்குக்கு அருகில் உள்ள டியூபில் எப்போதாவது ஒரு சிறு குமிழி வந்தது. பீட் பம்புக்கு முன்னால் உள்ள டியூபில் குமிழிகள் வரிசையாக வந்தன. நேரம் ஆக ஆகக் கூடின. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று பைப்பைக் கையால் தடவிக்கொண்டு போனோம். ஓவர்ப்ளோ பைப் டேங்குக்குப் போகவில்லை! டேங்க் வரை இரண்டாவது பைப் இழுக்கும் வேலையை மிச்சப்படுத்த, அதை ஒரு ‘டி’ இணைப்பு வைத்து உறிஞ்சும் பைப்பிலேயே சேர்த்திருந்தார்கள்.

விஷயம் விளங்கிவிட்டது. டேங்குக்கு அருகே பழைய பெட்ரோல் ரப்பர் ஓஸ் ஒன்றைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். நாளடைவில் ரப்பர் வெடித்து அந்த இடத்தில் துளித்துளியாகக் காற்று நுழைந்தது. அந்தக் காற்று டேங்குக்குத் திரும்பியிருந்தால் தொல்லையில்லை. திரும்ப வழியில்லாததால், பம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சேர்ந்துகொண்டே போய், சோழபுரத்தருகே எஞ்சினை நிறுத்தியது. கெட்டுப்போய்த் திரும்பி வந்த சரக்கைத் தனியே வைக்காமல் மறுபடி கடைத் தட்டிலேயே அடுக்கினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆயிற்று. காலையில் காலி வண்டியாகப் போகும்போது நிற்காததற்கும் காரணம் இருந்தது. இரவெல்லாம் ஓய்ந்த குளிர்ந்த எஞ்சின், பாரமில்லாத ஓட்டம், காற்று சேர அவகாசம் போதவில்லை.

டேங்க் வரை தனியாகத் திரும்பும் பைப் இழுத்தோம். ரப்பர் ஓஸைப் புதிதாக்கி முறையான கிளாம்ப் போட்டோம். முன்பு செலவழித்ததில் மிகச் சிறிய பங்குதான் இதற்கு ஆயிற்று. அதன் பிறகு அந்த வண்டி சோழபுரத்தில் நின்றதில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். துணிமணியும் இனிப்பும் எடுத்துப் போயிருந்தோம். அதைத் தருவதற்கு முன், நடந்ததைச் சொல்லி, நம் தப்பு என்று அவர் மனைவி மக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். ‘வண்டிக்கு என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதே, அது போதும்’ என்றார் அவர். பொங்கல் கழித்துத்தான் வேலைக்கு வந்தார். நாமும் அவசரப்படுத்தவில்லை.

உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம்

மேற்சொன்னதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. பீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். ‘எங்கும் ஒழுகவில்லையே’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். பம்புக்குப் பிறகு உள்ளது தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசிந்து ஈரமாகும். ஈரம் கண்ணில் படும். காற்று கண்ணில் படாது. ஆகவே ஒழுகாத வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறிஞ்சும் பக்கத்தைத்தான்.

அறிகுறிகளும் காரணங்களும்

காலையில் வெகுநேரம் செல்ப் அடித்தால்தான் கிளம்புகிறது. கிளம்பிய பின் தொல்லையில்லை: இரவில் டீசல் பின்வாங்கி டேங்குக்கே போயிருக்கிறது. ஓஸ், கிளாம்ப், கைப்பம்ப், பம்பின் வால்வு ஆகியவற்றைப் பார்க்கவும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அதையும் சோதிக்கவும்.

சமதளத்தில் ஓடுகிறது, பாலம் ஏறும்போது பாரத்தோடு திணறுகிறது: பில்டர் அடைப்பு, பீட் பம்பின் பலவீனம், அல்லது பழைய மெல்லிய பெட்ரோல் பைப் பெரிய எஞ்சினுக்குப் போதாமை.

சில கிலோமீட்டரில் நின்று, சற்று நேரத்தில் தானே கிளம்புகிறது: டேங்க் மூடியின் துவாரம், டேங்குக்குள் உறிஞ்சும் குழாய் வாயில் வந்து ஒட்டும் குப்பை, அல்லது நமது வண்டியைப் போலக் காற்று. குப்பையானால், எஞ்சின் நின்றதும் உறிஞ்சும் விசை போய்க் குப்பை விலகிவிடும். ஓட்டும்போது மறுபடி வந்து ஒட்டும். பழைய பெட்ரோல் டேங்கின் துருவும் பிசினும் இதைச் செய்யும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி.

கறுப்புப் புகை: எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஏர் பில்டரை முதலில் பார்க்கவும். வெள்ளைப் புகை: டீசல் சரியாக எரியவில்லை, டைமிங், நாசில் அல்லது எஞ்சினுக்குள் தண்ணீர். நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது, இது எரிபொருள் வழிக் கோளாறு அல்ல.

ஏர் எடுக்கும் முறை

வழியில் நின்றுவிட்டால் டிரைவரே செய்யக்கூடியது இது. பில்டர் மேலுள்ள ஸ்குருவைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். நுரையும் குமிழியும் வந்து, பிறகு தெளிந்த டீசல் வரும். பம்பை அடித்துக்கொண்டே ஸ்குருவை இறுக்கவும். அடுத்து இஞ்செக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்குருவில் இவ்வாறே செய்யவும். அப்படியும் கிளம்பாவிட்டால், நாசில் பக்கத்து நட்டுகளைச் சிறிதளவு தளர்த்திச் செல்ப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கவும். பில்டரிலிருந்து தொடங்கி நாசிலில் முடிப்பதே முறை; வரிசையை மாற்றக் கூடாது.

அடிக்கடி ஏர் எடுக்க வேண்டியிருந்தால், ஏர் எடுப்பது வைத்தியமல்ல என்று உணரவேண்டும். காற்று எங்கே நுழைகிறது என்று தேடவேண்டும்.

வேக வண்டிகளும் பெட்ரோல் எஞ்சினும்

எஞ்சின் மாற்றும் கலைக்குத் தமிழ்நாட்டில் பந்தய வழியிலும் ஒரு மரபு உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி ‘பார்முலா மாருதி’யை உருவாக்கியவர்.

கார்பரேட்டர் வண்டியில் இஞ்செக்‌ஷன் வகைப் பெட்ரோல் எஞ்சினை ஏற்றும்போது தொல்லை வேறு வகையானது. இந்த எஞ்சினுக்கு மின்சாரப் பம்ப் மூலம் கார்பரேட்டரைப்போலப் பத்து மடங்கு அளவில் அழுத்தம் வேண்டும். பழைய ரப்பர் ஓஸ் அதைத் தாங்காது. வெடித்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சித் தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த அழுத்த ஓஸ் போடவேண்டும். மாறாக, அந்தப் பலத்த பம்பைக் கார்பரேட்டர் எஞ்சினுக்கு வைத்தால், மிதவையை மீறிப் பெட்ரோல் வழியும்.

பழைய டேங்கில் இன்னொரு குறை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். டேங்க் கால்பாகத்துக்குக் கீழே இருந்தால் உறிஞ்சும் குழாய் வாயில் காற்றுதான் இருக்கும். கார்பரேட்டரில் தேங்கியிருக்கும் பெட்ரோல் அந்தச் சில நொடியைத் தாங்கிக்கொள்ளும். இஞ்செக்‌ஷன் எஞ்சினுக்கு அந்தச் சேமிப்பு இல்லை, உடனே தடுமாறும். அதற்காகத்தான் பந்தயக் கார்களில் தடுப்புத் தகடுகளும் சிறு துணைத் தொட்டியும் வைக்கிறார்கள். ‘டேங்க் நிறைய இருந்தால் ஓடுகிறது, குறைந்தால் திருப்பத்தில் திணறுகிறது’ என்றால் காரணம் இதுவே.

இன்றைய எரிபொருள்

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் மிகக் குறைந்த பி.எஸ். 6 டீசல் விற்கப்படுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் பத்து சதவீதத்தை எட்டி, அதன் பின் இருபது சதவீதத்தை நோக்கி உயர்ந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை மென்மையாக்கி வெடிக்கவும் வைக்கும். ஆகவே பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் டேங்கைக் குறைவாக வைக்காமல் மாலையிலேயே நிரப்பிவிட்டால், டேங்குக்குள் நீர் வேர்ப்பது குறையும். பில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீர் எடுப்பதையும் பழக்கமாக்குங்கள்.

எச்சரிக்கைகள்

வாயால் உறிஞ்சி டீசலோ பெட்ரோலோ எடுக்கும் பழக்கத்தை அறவே விடவேண்டும். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் கடும் பாதிப்பு உண்டாகும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாசில் பீய்ச்சும்போது கையை அருகே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும்.

மேலே சொன்ன கேன் சோதனை டீசலுக்கு மட்டுமே. பெட்ரோலில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

டீசல் வைக்கும் டிரம்மோ டேங்கோ துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யக் கூடாது. துத்தநாகம் டீசலோடு கலந்து பில்டரையும் நாசிலையும் அடைக்கும்.

அரிசி, சர்க்கரை, பருப்பு, தேயிலை ஆகியவை எரிபொருள் வாடையை விரைவில் பிடித்துக்கொள்ளும். வாடை பிடித்த மூட்டையை விற்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. வண்டிக்குள் டீசல் வாடை வந்தால் சரக்கு ஏற்றுமுன் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினை மாற்றும்முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணையும் எரிபொருள் வகையையும் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை விளக்கியது. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் தரக்கூடாது. பதிவில் இல்லாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகை வாங்குவது பெரும்பாடு. சொந்த உபயோகக் காராகப் பதிந்ததில் வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்கும் இது பொருந்தும்.

முடிவாக

பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் டென்சிட்டி பார்க்கவும், ஐந்து லிட்டர் அளவையால் அளந்து காட்டச் சொல்லவும், பெட்ரோலானால் பில்டர் பேப்பர் சோதனை கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. நம் தராசை முத்திரையிட்டு வைக்கும் நாம், அந்த அளவைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது ‘வண்டி நிற்கிறது, பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது, பாரம் இருந்ததா, சூடாக இருந்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரத்தில் திரும்பக் கிளம்பியது என்ற ஐந்தையும் ஒரு சிறு நோட்டில் டிரைவர் எழுதி வரட்டும். பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன், ‘அந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

டேங்க், மூடி, ஓஸ், பம்ப், பில்டர், நாசில் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அந்த வரிசை முடியும்வரை எந்த மனிதர் மேலும் பழி போடாதீர்கள். பாகம் கெட்டால் வேறு வாங்கலாம். பதினோரு ஆண்டு நம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது.